துறைமுகச் சாராயக்கடையில் தினமும் நாற்காலி பறக்குமா?

பாய்மரம்:
நண்பர்களோடு ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் கதை விளையாட்டுக்காக ஒரு கற்பனைத் துறைமுக நகரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். படகுத்துறையை ஒட்டி ஒரு சாராயக்கடை. உள்ளே போனதும் ஒருவன் மேசையில் கத்தியைக் குத்துவான், மூலையில் முக்காடு போட்ட ஆள் ஒருத்தர், பத்து நிமிடத்தில் நாற்காலி பறக்கும். கூட ஆடுகிறவர் ஒருவர், "இந்தக் கடை மறுநாள் எப்படித் திறக்கும்?" என்று கேட்டுவிட்டார். முரட்டுக் கடை இல்லாமல் துறைமுகமா?

உப்புக்காற்று:
கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ஜமைக்காவில் கடற்கொள்ளையர் கூடிய போர்ட் ராயல் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொல்லாத ஊர் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. மணல் திட்டின் மேல் கட்டியிருந்தார்கள். 1692 ஜூன் 7 நிலநடுக்கத்தில் மணல் கூழாகி, ஊரின் பெரும்பகுதி கடலுக்குள் போனது. 1981இலிருந்து டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் பத்து வருடம் மூழ்கி மூழ்கி அகழ்ந்தார்கள். அதில் ஒரு செங்கல் கட்டடம். ஒரு பகுதி சாராயக்கடையாக இருந்திருக்கும் என்கிறார்கள். அதே கட்டடத்தில் புகையிலை பிடிக்கும் குழாய் விற்கிற கடை, செருப்புத் தைக்கிற இடம். தினமும் ரத்தம் சிந்தினால் பக்கத்தில் யார் செருப்புத் தைப்பார்கள்?

பாய்மரம்:
அதே ஊரில்தான் 1661 ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் 40 புதுச் சாராயக்கடைகளுக்கு உரிமம் கொடுத்தார்கள், தலைவரே. ஸ்பானியக் கப்பலைக் கொள்ளையடித்துவிட்டு மடி நிறைய வெள்ளிக்காசோடு இறங்குகிறவன் பஜனை பாடவா போவான்?

கயிறுமுடிச்சு:
இருவரும் கத்தியை விட்டு நகர மாட்டேன் என்கிறீர்களே. கடையின் முரட்டுத்தனம் கடன் கணக்கில் இருக்கிறது. லண்டன் தேம்ஸ் கரையில் நிலக்கரி இறக்கும் ஆட்களுக்கு வேலை கொடுத்ததே பெரும்பாலும் சாராயக்கடைக்காரர்கள்தான். அவர் கடையில் நிறையக் குடிக்கிறவனுக்கு முதலில் வேலை. கூலியும் அங்கேயே, குடித்த கணக்கைக் கழித்துக்கொண்டு. 1843இல் சட்டம் போட்டு, ஆள் எடுக்கத் தனி அலுவலகம் திறந்துதான் அந்தப் பிடியைத் தளர்த்த முடிந்தது.

மாலுமி கதை இன்னும் மோசம். பயணம் முடிந்து மொத்தக் கூலியோடு வருகிறான். முதல் நாள் ராஜா. பத்தாம் நாள் அவன் பேருக்கு நேரே சுவரில் கடன் கணக்காகச் சுண்ணாம்புக் கோடுகள் ஏறியிருக்கும். அவன் சாமான் வைத்த மரப்பெட்டி கடனுக்கு ஈடாக மாடியில், பூட்டோடு. அப்புறம் கடைக்காரர் அன்பாக வந்து, "காலையில் ஒரு கப்பல் கிளம்புகிறது தம்பி" என்பார். புதுக் கப்பலின் முன்பணம் கடைக்காரர் கைக்குப் போகும். நம்மூரில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை மாட்டுவார்கள். அங்கே கடன்தான் அன்பே.

உப்புக்காற்று:
அதற்காகக் கடைக்காரர்கள் எல்லாரையும் வில்லனாக்காதீர்கள். அந்நிய ஊரில் மாலுமியின் காசை நம்பிக் கொடுத்து வைக்க, எந்தக் கப்பல் எப்போது வரும் என்று கேட்க வேறு யார் இருந்தார்கள்?

கயிறுமுடிச்சு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பவரும், தர மாட்டேன் என்பவரும் ஒரே ஆள்தானே அண்ணே. 19ஆம் நூற்றாண்டு சான்பிரான்சிஸ்கோவில் கடன்கூடத் தேவைப்படவில்லை. ஆளை மயங்க வைத்துக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள், கண் விழித்தால் நடுக்கடல்.

பாய்மரம்:
எல்லாம் சரி, ஆட வருகிறவன் சுண்ணாம்புக் கோடு எண்ணவா வருகிறான்? கொட்டாவி விடுவான்.

கயிறுமுடிச்சு:
எண்ண வேண்டாம். அவனும் கடன்காரனாகவே ஆட்டத்தைத் தொடங்கட்டும். வாளும் வரைபடமும் அந்தப் பெட்டிக்குள். கடையில் யாரும் கத்தியை எடுக்கவில்லை, ஆனால் யாரும் வெளியே போகவும் முடியவில்லை. கொட்டாவி வருகிறதா பாருங்கள்.

உப்புக்காற்று:
பெட்டிச் சாவியைக் கடைக்கார அம்மாவின் இடுப்பில் சொருகுங்கள். துறைமுக ஊர்களில் இப்படிக் கடை நடத்திய பெண்கள் நிறைய. முக்காடு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பாவம், எல்லாக் கதையிலும் அவரே உட்கார்ந்திருக்கிறார்.

பாய்மரம்:
முக்காடு போச்சு. முதல் காட்சியில் கத்தியும் இல்லை, ரொட்டி வெட்ட மட்டும் ஒன்று. சனிக்கிழமை ஆட்டம். ஆனால் அந்தச் சாவிக்காக எப்படியும் அடித்துக்கொள்வார்கள், அப்போது நாற்காலி பறந்தே தீரும். அதை மட்டும் விட்டுத் தர மாட்டேன்.