ராத்திரி சார்ஜ் ஆபீசில் நீட்டும் அந்தப் படிவம்: போலீசாருக்கு உரிமைப் பாடம் எடுத்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ட்ரூரோ_பேத்தி (டர்பன்)

இங்கே தென்னாப்பிரிக்காவில் இலவசச் சட்ட உதவி மையம் ஒன்றில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன வருஷம் ஒரு தொண்டு அமைப்பு கூப்பிட்டு, இந்தப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றுக்கு இரண்டு நாள் மனித உரிமைப் பயிற்சி எழுதித் தரச் சொன்னது. எழுதினேன், நானே நடத்தினேன், முதல் தடவை மண்ணைக் கவ்வினேன்.

படித்ததை எல்லாம் கொட்டியதுதான் தப்பு. 1948 உலகப் பிரகடனம், காவலர்களுக்காக ஐ.நா. 1979-ல் ஏற்ற நடத்தை நெறி, துப்பாக்கி பற்றி 1990-ல் ஹவானாவில் ஏற்ற கொள்கைகள், அப்புறம் நம் அரசமைப்பில் உரிமைகளைச் சொல்லும் இரண்டாம் அத்தியாயம். தேநீர் வருவதற்குள் பாதிப் பேர் போனுக்குள் போய்விட்டார்கள். இருபத்தாறு வருஷ சர்வீஸ் உள்ள ஒரு வாரன்ட் ஆபீசர் கையைத் தூக்கினார். "மேடம், இதெல்லாம் காலேஜிலேயே பரீட்சை எழுதியாச்சு. ராத்திரி இரண்டு மணிக்கு என் செல்லில் நிற்க இடமில்லை, ஓடுகிற வேன் ஒன்றுதான், டாக்கெட், அதான் வழக்குக் கோப்பு, மலை மாதிரி கிடக்கிறது. அதற்கு உங்கள் ஹவானாவில் என்ன சொல்லியிருக்கிறது?" எனக்குப் பதில் வரவில்லை.

சரி, பாடத்தை மூடி வைத்துவிட்டு அனுமதி வாங்கி நான்கு ராத்திரி சார்ஜ் ஆபீசில் (நிலையத்தில் புகார் வாங்கி, பிடித்து வருகிறவர்களைப் பதிவு செய்யும் இடம்) போய் உட்கார்ந்தேன். அடிதடி எதுவும் பார்க்கவில்லை. பார்த்தது ஒரு காகிதம். கைது செய்து கொண்டுவருகிறவர்களுக்கு 14ஏ என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். எதற்காகப் பிடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம், பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைக்கலாம், 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், இப்படி அரசமைப்பின் 35-ஆம் பிரிவின் சாரம் எல்லாம் அதில் இருக்கும். கான்ஸ்டபிள் அதை மேசையில் தள்ளுவார், பேனாவை வைப்பார், "இங்கே கையெழுத்து." முடிந்தது. ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன், பதினைந்து விநாடிகூட ஆகவில்லை. அதே 35-ஆம் பிரிவு, இதையெல்லாம் அந்த ஆளுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வரி மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

இரண்டாவது தடவை, பயிற்சிக்கு வந்த பதினெட்டுப் பேருக்கும் கதவிலேயே ஒரு தாளைக் கொடுத்தேன். படிவத்தின் அச்சு அசல், ஆனால் முழுக்கத் தமிழில். "சீக்கிரம், வரிசை நிற்கிறது, கையெழுத்துப் போடுங்கள்" என்று அதட்டினேன். பதினைந்து பேர் போட்டுவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசி வரி நான் சேர்த்தது: "இந்த மாதச் சம்பளத்தை முழுவதும் பயிற்சியாளருக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்."

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. ஆனால் ஒரு சார்ஜன்ட் சிரிக்கவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பையன், நம் ஆட்கள்தான், தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. "இந்த மாதிரி எழுத்தில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் எங்கள் ஆயா சாமி கும்பிடுவார். என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டாலும் நம்பிப் போட்டேன்" என்றான்.

அதற்கப்புறம் வகுப்பை நான் நடத்தவில்லை, அவர்களே நடத்தினார்கள். செல்லில் கூட்டம், காங்கோவிலிருந்து வந்தவருக்கு ஜுலுவில் கத்துவது, குடிபோதையில் இருப்பவனிடம் எப்போது படித்துக் காட்டுவது என்று எல்லாம் வந்தது. மத்தியானம் நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய அகமது திமோல் பற்றிச் சொன்னேன். 1971-ல் ஜொஹானஸ்பர்க் ஜான் வோர்ஸ்டர் சதுக்கத்தின் பத்தாவது மாடியிலிருந்து அவராகவே குதித்தார் என்றது அன்றைய போலீஸ். தள்ளிக் கொன்றார்கள் என்று 2017-ல் நீதிமன்றம் சொன்னது. வக்கீலும் இல்லை, கோர்ட்டும் இல்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாம் என்றிருந்த காலம். 48 மணி நேரம் என்ற வரி எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. இளசுகள் பலருக்கு அந்தப் பெயரே புதிது. வாரன்ட் ஆபீசர் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். அடுத்த பாடத்துக்கு உதவும்.

ஜோபர்க்_கடைக்காரன்

அக்கா, அந்தப் பதினைந்து விநாடியின் மறுபக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். என் கடையில் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவன் இருந்தான். பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருந்த சமயம், ரசீதை அறையில் வைத்துவிட்டு வெளியே போனவனைப் பிடித்துவிட்டார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு நிலையத்திலிருந்து போன். போய்ப் பார்த்தால் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருக்கிறான். என்னடா போட்டாய் என்றால், "தெரியல அண்ணாச்சி, எஸ் சார் எஸ் சார்னு சொன்னேன். அடிப்பாங்களா?"

யாரும் அடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பணியில் இருந்த கேப்டன் நாற்காலி போட்டுக் கொடுத்தார், நான் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லும்வரை பொறுமையாக இருந்தார். "கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் உண்டு, இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தானே. குடிவரவு விஷயத்தில் பிடிபட்டவரையும் 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது, கேப்டன்தான் சொன்னார். ரசீதைக் கொண்டுபோய்க் காட்டியதும் மறுநாள் விட்டுவிட்டார்கள்.

உங்கள் பாடத்தில் ஒன்று சேருங்கள்: எந்த மொழிக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு போன் நம்பர் பட்டியல், சுவரிலேயே ஒட்டி.

கசப்பு_வேப்பிலை

மன்னிக்கவும், எனக்கு இதில் நம்பிக்கை கம்மி. 2012-ல் மரிக்கானாவில் 34 சுரங்கத் தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றது பயிற்சி இல்லாத போலீஸ் இல்லை. சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கி 2013-லேயே சட்டம் வந்தாயிற்று, போலீஸ் மேல் புகாரை விசாரிக்க இபிட் (IPID) என்று ஒரு தனி அமைப்பு இருக்கிறது. 1995-ல் 'படை' வாடை போகட்டும் என்று பதவிப் பெயர்களை மாற்றினார்கள், 2010-ல் கர்னல், ஜெனரல் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். என் தம்பி புகார் கொடுக்கப் போய் அறை வாங்கி வந்தான். அறைந்தவர் சுவரில் பயிற்சிச் சான்றிதழ் தொங்கியது. மேலே இருப்பவன் கேட்காத வரைக்கும் கீழே இருப்பவனுக்கு எத்தனை வகுப்பு எடுத்து என்ன?

பழைய_ரிசர்விஸ்ட் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வேப்பிலை சொல்வதில் பாதி உண்மை. ஆறு வருஷம் சனி, ஞாயிறுகளில் ரிசர்விஸ்டாக, அதாவது பகுதிநேரத் தொண்டர் போலீசாக நின்றவன் நான். எனக்கு மனசில் நின்ற ஒரே வகுப்பு குடும்ப வன்முறை பற்றியது. 1998 சட்டப்படி, அடிபட்டு வரும் பெண்ணுக்குத் தங்க இடம், வைத்தியம் கிடைக்க உதவ வேண்டியது போலீசின் கடமை. முடிந்தவரை அவர் கேட்கும் ஆட்சி மொழியில் உரிமைத் தாளைக் கொடுத்து விளக்கவும் வேண்டும். நடப்பது என்ன? "குடும்ப விஷயம்மா, பேசித் தீர்த்துக்கோ."

அன்று பயிற்சி கொடுத்த அம்மா எங்களில் ஆஜானுபாகுவான ஒருவரை நிற்க வைத்து, புகார்காரியாக நடிக்கச் சொன்னார். மற்றவர்கள் வழக்கமாகக் கேட்பதையே கேட்க வேண்டும். நீ என்ன செய்து அவனைக் கோபப்படுத்தினாய்? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாய்? நான்காவது கேள்வியிலேயே அந்த ஆள் "நான் போறேன்" என்று எழுந்துவிட்டார். நடிப்பில்தான். ஆனால் முகம் சிவந்து போயிருந்தது.

ட்ரூரோ_பேத்தி (டர்பன்)

வேப்பிலை, உங்களிடம் சண்டை போட மாட்டேன். இரண்டாவது பயிற்சிக்கு நிலையத் தலைவர் வந்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார். அதனால் இந்த முறை ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: இரண்டு நாளும் அவர் உட்கார்ந்தால்தான் நான் வருவேன். இன்னும் பதில் வரவில்லை.

அண்ணாச்சியின் போன் பட்டியல் சேர்ந்தாயிற்று. ரிசர்விஸ்ட் அண்ணா சொன்ன நடிப்பைக் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். தமிழ்ப் படிவத்தை இப்போது உண்மையாகவே பயன்படுத்துவது போல் திருத்திக்கொண்டிருக்கிறேன் (சம்பள வரியை எடுத்துவிட்டேன்). 'மௌனம் காக்கும் உரிமை உண்டு' என்று எழுதி, கோயிலில் கூழ் ஊற்றும் அன்று ஒரு பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "என்ன, விரதமா?" என்றார். அதற்கப்புறம் அவரே யோசித்து, "நீ ஒண்ணும் பேச வேண்டாம், பேசினா எழுதி வச்சுக்குவாங்க, அப்படின்னு போடு" என்றார். அப்படியே போட்டிருக்கிறேன். 'ஜாமீன்' என்ற சொல் இங்கே நம் பெரியவர்களுக்குப் புரிகிறதா, இல்லை 'பெயில்' என்றே விட்டுவிடலாமா? வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.