லண்டனாக நடித்த புரூஜ்: திரையில் தெரிவதில் பழமை எவ்வளவு?

கேள்வி (திரைவரலாறு):
பிபிசி 2013இல் ஒளிபரப்பிய ‘தி ஒயிட் குயின்’ தொடரை அண்மையில் பார்த்து முடித்தேன். நான்காம் எட்வர்டின் அரசியான எலிசபெத் உட்வில்லின் கதை அது. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் அக்கதையை பெல்ஜியத்தின் புரூஜ், கென்ட் நகரங்களில் படமாக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்திலேயே பழைய ஊர்கள் இருக்கும்போது பிளெமிஷ் நகரத்தைத் தேடிப் போனது ஏன்? திரையில் நாம் காணும் கட்டடங்கள் உண்மையாகவே அக்காலத்தவையா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (பழங்கோட்டை):
எட்வர்ட் அறிந்திருந்த லண்டனின் பெரும்பகுதி 1666ஆம் ஆண்டுத் தீயில் அழிந்துவிட்டது. புரூஜைக் காப்பாற்றியதோ அதன் வறுமை. கடலோடு அந்நகரை இணைத்த ஸ்வின் கழி மணல் மேடிட்டுத் தூர்ந்துபோனது; 1488இல் நகரத்தார் தங்கள் நாட்டின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஹாப்ஸ்பர்க் குல மாக்சிமிலியனைச் சிறைபிடித்து வைத்ததும் பகையை வளர்த்தது; வணிகர்கள் ஆன்ட்வெர்ப்புக்குப் பெயர்ந்தார்கள். பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லாததால், வளைந்த தெருக்களும் வாய்க்கால்களும் இருந்தபடியே நின்றுவிட்டன. 1376இல் கட்டத் தொடங்கிய நகர மன்றம் இன்றும் பர்க் சதுக்கத்தில் நிற்கிறது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணாடி மாடிக்கட்டடம் குறுக்கே வராத ஒரு நகரம், வரலாற்றுக் கதையைப் படமாக்குவோருக்கு எத்தகைய வரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மறுமொழி (செங்கல்சுவர்):
மேலே சொன்னது சரியே, ஆனால் பாதிதான். புரூஜின் ‘இடைக்காலத்’ தோற்றத்தில் கணிசமான பங்கு 19ஆம் நூற்றாண்டில் செய்து சேர்த்தது. சந்தைச் சதுக்கத்தில் கூரிய கோபுரங்களோடு நிற்கும் மாகாண அவைக் கட்டடத்தைப் பார்ப்பவர்கள் அது அறுநூறு ஆண்டுப் பழமையுடையது என்றே நினைப்பார்கள். 1878இல் அங்கிருந்த கட்டடம் எரிந்த பின்னர் கட்டியது அது. அதற்கும் முன்பு, 1787 வரை, அதே இடத்தில் படகுகள் கூரைக்கு அடியிலேயே சரக்கு இறக்கிய நீர்மண்டபம் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அதை இழந்ததற்குத்தான் நாம் வருந்த வேண்டும். சுற்றுலாப் பயணிகள் ஓயாமல் படமெடுக்கும் பொனிபாசியஸ் பாலமும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டதே. இவற்றை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும், எது எந்தக் காலத்தது என்று தெரிந்துகொண்டு பார்ப்பதே அந்நகரத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

மணிக்கூண்டைப் பற்றி ஐயம் வேண்டாம். ‘இன் புரூஜ்’ (2008) படத்தில் முக்கிய இடம் பெறும் அந்த 83 மீட்டர் கோபுரத்தின் எண்கோண மேற்பகுதி 1480களில் எழுந்தது. அதன் உச்சியில் இருந்த மரக்கூம்பு 1741இல் இரண்டாம் முறையாக எரிந்தது. பிறகு அதை மீண்டும் அமைக்கவே இல்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் எட்வர்டின் கதைக்கும் இந்நகருக்கும் தோற்றப் பொருத்தம் தவிர வேறு தொடர்பு கிடையாதா?

மறுமொழி (பழங்கோட்டை):
நேரடித் தொடர்பே உண்டு. 1470இல் அரியணையை இழந்து கடல் கடந்த எட்வர்ட், புரூஜில் லூயி தெ குரூட்ஹூஸ் என்ற பிரபுவின் மாளிகையில் தங்கியிருந்துவிட்டு, 1471இல் திரும்பிச் சென்று அரியணையை மீட்டார். அவருடைய தங்கை மார்கரெட், பர்கண்டிக் கோமகன் சார்லஸை 1468இல் மணந்தபோது விழாக்கள் நடந்ததும் இதே நகரில்தான். ஆக, லண்டன் வேடமிட்ட புரூஜின் தெருக்களில் அந்த அரசரே அகதியாக நடந்திருக்கிறார். தொடரைப் பார்க்கும் எவருக்கும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

மறுமொழி (செங்கல்சுவர்):
அம்மாளிகை இன்று அருங்காட்சியகம். அதன் வெளித்தோற்றமும் 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்ததே. எனவே செல்பவர்கள் முகப்போடு நின்றுவிடாமல், 1472இல் அமைத்த சிறு வழிபாட்டறைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். ஓக் மரப்பலகை வேய்ந்த அவ்வறை பக்கத்திலுள்ள அன்னை மரியாள் ஆலயத்தோடு இணைந்திருப்பதால், பிரபு தம் வீட்டை விட்டு இறங்காமலே அதன் சாளரம் வழியாகத் திருப்பலியைக் கண்டிருக்கிறார். பிற்காலக் கை அதிகம் படாத 15ஆம் நூற்றாண்டைப் பார்க்க விரும்புவோர் முதலில் போக வேண்டிய இடம் அதுவே.