1 கோடியே 60 லட்சத்தில் ஒரு தவறு: எண்ணியது யார்?

பரேல் கணக்கர்:
சென்ற ஞாயிறன்று மாட்டுங்காவில் நம் தமிழர் கூட்டத்தில் பேசியவர், அன்றாடச் சேவைகளில் புதுமை எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல வந்து, வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் மும்பை டப்பாவாலாக்கள் 1 கோடியே 60 லட்சம் டப்பாக்களுக்கு ஒன்றைத்தான் தவறவிடுகிறார்கள் என்றும், அதனால் பிழை மிக அரிது எனக் காட்டும் சிக்ஸ் சிக்மா என்னும் தொழில்துறைத் தரத்தில் இருக்கிறார்கள் என்றும் முழங்கினார். அரங்கம் கைதட்டியது. முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதிய எனக்குக் கை எழவில்லை. 1998இல் ஃபோர்ப்ஸ் இதழின் செய்தியாளர் டப்பாவாலாக்களின் தலைவரிடம் எத்தனை முறை தவறு நேரும் என்று கேட்டார். பெரும்பாலும் நேராது, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இருக்கலாம் என்று அவர் வாய்வழியாகச் சொன்னார். அதை வைத்து 80 லட்சத்தில் ஒன்று என்றும், காலி டப்பா வீடு திரும்பும் பயணத்தையும் சேர்த்தால் 1 கோடியே 60 லட்சத்தில் ஒன்று என்றும் செய்தியாளர் கணக்குப் போட்டார். யாரும் எண்ணவில்லை. எண்ணிய ஏடு எங்கே?

மாட்டுங்கா மைந்தன்:
கணக்கர் ஐயாவுக்கு ஊரே கைதட்டினால்தான் வயிறு எரியும். 1890இல் மகாதேவ் ஹவாஜி பச்சே ஏறத்தாழ நூறு பேருடன் தொடங்கிய தொழிலை இன்றும் புணே மாவட்டத்துக் கிராமத்து மக்கள் தோளில் சுமக்கிறார்கள். 2003இல் இளவரசர் சார்லஸ் நேரில் வந்து பார்த்தார். 2010இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இதைப் பாடமாக எழுதியது. அவர்களுக்கெல்லாம் தெரியாதது உங்கள் பேரேட்டுக்குத் தெரிந்துவிட்டதா?

பரேல் கணக்கர்:
இளவரசர் வந்தார் என்பது வருகைப் பதிவு, பிழைப் பதிவு அல்ல. சிக்ஸ் சிக்மா என்றால் 10 லட்சத்துக்கு 3.4 பிழை. 2020க்கு முன் நாளுக்கு 2 லட்சம் டப்பா போனது என்று நீங்களே பெருமை பேசுகிறீர்கள். போக, வர என்று 4 லட்சம் பயணம். சிக்ஸ் சிக்மாப்படி நாள்தோறும் ஒன்றுக்கு மேல் தவறலாம். மற்ற எண்ணின்படி நாற்பது நாளுக்கு ஒன்றுதான் தவற வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு எண்களை ஒரே மூச்சில் சொன்னவருக்கு நீங்கள் பொன்னாடை போர்த்தினீர்கள்.

ஆய்வு மாணவி:
ஐயா இருவரும் பொறுத்தருள வேண்டும். சேவையைச் சமூக நடைமுறையாக, அதாவது மக்கள் அன்றாடம் சேர்ந்து செய்யும் வழக்கமாகப் பார்ப்பது என்றால், பயன்படுத்தும் பொருள்கள், கைத்திறன், அதற்கு மனிதர் தரும் மதிப்பு ஆகிய மூன்றும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று பார்ப்பதாகும். முதலில் எதைப் புதுமை என்கிறோம், எதைத் தவறு என்கிறோம் என்று வரையறுத்துக்கொண்டால் பேச்சு தெளிவாகும். தாமதமாக வந்த டப்பா தவறா, மாறிப்போன டப்பா மட்டும்தான் தவறா?

மாட்டுங்கா மைந்தன்:
வரையறையை வகுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள், தங்கையே. 1 கோடியே 60 லட்சத்தில் ஒன்று என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை.

பரேல் கணக்கர்:
உலகம் ஒப்புக்கொண்டது, எண்ணவில்லை.

தாராவித் தோழர்:
பேச்சாளர் “படிக்காதவர்களே இதைச் செய்கிறார்கள்” என்று வியந்தாரே, அது யாருக்கும் உறுத்தவில்லையா? அறுபது கிலோ சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மின்ரயில் நிற்கும் அரை நிமிடத்துக்குள் இறக்கி ஏற்றும் மனிதனுக்கு மாதக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாராட்டு மட்டும் கொடுத்துக் கூலியை மறப்பது நம் பழைய வழக்கம்.

முலுண்டு வாசகர்:
நம் சென்னையில் கூடைக்காரம்மா இருந்தார். வீடு வீடாகத் தூக்கு வாங்கிப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கொண்டு சேர்த்தார். அவரைப் பற்றி ஹார்வர்டு எழுதியதா?

மாட்டுங்கா மைந்தன்:
ஒருவர் இரண்டு தெருவுக்குச் சுமப்பதும், 2020க்கு முன் ஐயாயிரம் பேர் நாலைந்து கை மாற்றி ஒரு நகரத்துக்கே சேர்த்ததும் ஒன்றா? மும்பையில் சம்பாதித்துக்கொண்டு மும்பைக்காரனின் பெருமையைச் சொன்னால் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

டோம்பிவிலிக்காரி:
கணக்கர் அண்ணா, மைந்தன் தம்பி, இருபத்திரண்டு ஆண்டுகள் காலை ஒன்பது மணிக்கு டப்பாவை நீட்டியவள் நான் பேசுகிறேன். டப்பாவாலா அழைப்புமணி அடிக்கும்போது ரசத்து அடுக்கை நான் இறுக்கி மூடியிருக்க வேண்டும். இரண்டு முறை காக்க வைத்தேன். மூன்றாம் முறை நடந்தால் என் வீட்டு டப்பாவை எடுப்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார், அன்றிலிருந்து என் அடுப்பு அரை மணி முன்னதாக எரிந்தது. எந்த நிலையத்தில் இறங்கும், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று மூடியில் எழுதிய குறி அழிந்துவிடும் என்று அந்த இடத்தை நார் போட்டுத் தேய்க்க மாட்டேன். அவருடைய கையைப் போலவே என் கையும் அந்த வேலையைக் கற்றது. இது எந்த எண்ணில் வருகிறது? ஒரு தவறும் செய்யாமலே 2020இல் கொரோனாவின்போது அந்த வேலை சில மாதம் நின்றுபோனதே, ஏன்? அலுவலகம் போகும் வழக்கம் நின்றது. வீட்டில் சோறு வீட்டிலேயே உண்ணப்பட்டது. அதைப் பேசுங்கள்.

பரேல் கணக்கர்:
அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அவரும் அந்த எண்ணுக்குச் சான்று தரவில்லை.

டோம்பிவிலிக்காரி:
நான் சான்று தர வரவில்லை, அண்ணா. நீங்கள் இருவரும் என் சமையலறையைத் தாண்டிப் போய்ச் சண்டையிடுகிறீர்கள் என்றுதான் சொன்னேன்.

மாட்டுங்கா மைந்தன்:
கணக்கருக்கு என் மேல் பகை. ஆண்டு மலருக்கு டப்பாவாலாக்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர் இவர்தான்.

பரேல் கணக்கர்:
ஆம், திருப்பி அனுப்பினேன். முதல் வரியிலேயே 1 கோடியே 60 லட்சம் இருந்தது. ஏட்டைக் காட்டுங்கள் என்று அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

ஆய்வு மாணவி:
என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் விடை சொல்லவில்லை.

மாட்டுங்கா மைந்தன்:
நாளைக் காலை பத்தரைக்கு அந்தேரி நிலையத்துக்கு வாருங்கள், ஐயா. ஒரு டப்பா மாறுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

பரேல் கணக்கர்:
வருகிறேன், ஏட்டோடு வருகிறேன். ஆனால் ஒரே நிலையத்தில் ஒரு காலை நின்று பார்ப்பது 1 கோடியே 60 லட்சம் ஆகாது என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன்.