பெருபாரி தகராறு எப்படித் தொடங்கியது?

கேள்வி:
கச்சத்தீவு பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் “பெருபாரி வழக்கைப் பாருங்கள்” என்கிறார். அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் இந்திய மண்ணை விட்டுக்கொடுக்க முடியாது என்று தீர்ப்பாம். சரி, மேற்கு வங்கத்தில் இருக்கும் அந்த ஊருக்காக இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஏன் சண்டை வந்தது?

பதில்:
உச்ச நீதிமன்றம் 14 மார்ச் 1960 அன்று தந்த அந்தக் கருத்துரையை முழுதாகப் படித்திருக்கிறேன். எல்லோரும் அதன் முடிவை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள். உங்கள் கேள்விக்கு விடை தொடக்கப் பக்கங்களில் இருக்கிறது.

பிரிவினை எல்லையை வகுக்க நியமிக்கப்பட்ட ஆங்கிலேய வழக்கறிஞர் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8 அன்று வந்து இறங்கினார். வங்காளம், பஞ்சாப் இரண்டையும் பிரிக்க அவருக்கு இருந்தது ஐந்தே வாரம். அளந்து பார்க்க நேரம் ஏது? இருக்கிற தாணா, அதாவது காவல் நிலைய, எல்லைகளையே கோத்துக்கொண்டு போனார். (போலீஸ்காரரை ‘டாணாக்காரர்’ என்பார்களே, அதே தாணாதான்.) ஜல்பாய்குரி மாவட்டத்தில் பச்சாகர் தாணாவுக்கும் ஜல்பாய்குரி தாணாவுக்கும் நடுவே வரும் கோடு, அடுத்து தேவிகஞ்சுக்குத் தாவிவிடுகிறது. இடையில் போதா என்று ஒரு தாணா இருக்கிறது. அதன் பெயர் விட்டுப்போயிற்று. அவர் தீர்ப்போடு இணைத்த வரைபடத்திலும் கோடு பிசகியிருந்தது.

பெருபாரி 12ஆம் எண் யூனியன் (சில ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) ஜல்பாய்குரி தாணாவைச் சேர்ந்தது. எழுத்தும் வரைபடமும் முரண்பட்டால் எழுத்தே செல்லும் என்று ராட்கிளிஃபே சொல்லியிருந்ததால், அது இந்தியாவிடம் இருந்தது. இந்தக் குழப்பத்தை வைத்து 1952இல்தான் பாகிஸ்தான் அதற்கு உரிமை கோரியது. 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ் கான் நூனும் ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொண்டார்கள். மொத்தமே 8.75 சதுர மைல், பத்துப் பன்னிரண்டாயிரம் பேர். அவர்களிடம் ஒரு வாக்கெடுப்புகூட நடத்தவில்லை. எனக்கு இன்றும் மனசு ஆறாத இடம் அதுதான்.

இன்னொருவர்:
பாகிஸ்தானுக்கு என்று முடிவான அந்தப் பாதி கடைசிவரை கைமாறவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுப்பதற்காக 1960லேயே அரசியல் சட்டத்தின் 9ஆவது திருத்தம் வந்துவிட்டது. அப்புறம் வழக்குகள், 1971 போர். 1974 மே மாத இந்திரா–முஜிப் ஒப்பந்தத்தில் பெருபாரி இந்தியாவுக்கே என்றானது. இந்திய நிலத்தால் சூழப்பட்ட தஹாகிராம், அங்கர்போத்தா என்ற இரு திட்டுகள் வங்கதேசத்துக்கு.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் கச்சத்தீவுக்கும் இது பொருந்துமா?

முதலில் பதில் சொன்னவர்:
பெருபாரி இந்தியாவின் கையில் இருந்த நிலம். அடுத்த மாதமே, 1974 ஜூனில், கையெழுத்தான கச்சத்தீவு ஒப்பந்தத்தில் எதையும் கொடுக்கவில்லை, கடல் எல்லையைத்தான் வகுத்தோம் என்பது மத்திய அரசின் நிலை. நான் அதை ஏற்கவில்லை. ஆனால் வெறுமனே பெருபாரி என்று சொன்னால் போதாது. தீவு நம்முடையதாக இருந்தது என்பதை முதலில் காட்ட வேண்டும். அதற்கு ராமநாதபுரம் ஜமீன் ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள்.