கோடியக்கரையில் வெளிமான், பூநாரை: 300 மி.மீ. போதுமா?

அலையாத்தி:
ஜனவரியில் கோடியக்கரை போகிறோம். 1.5 கிராப் (சிறிய சென்சார்) கேமராவும் 70-300 லென்ஸும் இருக்கு. 150-600 வாடகைக்கு எடுக்கணுமா? கறுத்த ஆண் மானில் போகஸ் நிற்காமல் அலையும் என்கிறார்களே, என்ன செய்வது?

புல்வெளி:
மானுக்கு 300 போதும். 30 மீட்டரில் நிற்கும் ஆண் மானின் தோள் உயரமே பிரேமில் பாதியை அடைத்துவிடும். கறுத்த முதுகில் கேமரா பிடித்துக்கொள்ள ஒரு கோடுகூட இல்லை, அதனால்தான் போகஸ் அலைகிறது. ஒற்றைப் புள்ளி போகஸை, கண்ணைச் சுற்றியிருக்கும் வெள்ளை வளையத்தின் ஓரத்தில் வையுங்கள், உடனே பிடிக்கும். மான் பிரேமை நிறைத்தால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், வயிற்று வெள்ளை வெளுத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத் திருத்தம்) -0.7 வைத்து, RAW கோப்பாக எடுங்கள். கறுப்பைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்தது திரும்ப வராது. ஷட்டர் வேகம், நிற்கும்போது 1/800, துள்ளினால் 1/2000.

உப்புக்காற்று:
பூநாரை கதை வேறு. 100 மீட்டரில் ஒரு பறவை பிரேம் உயரத்தில் கால்வாசிதான் வரும். ஆனால் 600 இருந்தாலும் வெயில் ஏறியபின் பிரயோஜனமில்லை. சதுப்பு சூடாகிக் கானல் எழுந்தால் கால்கள் நெளிந்து, போகஸ் தவறியது போலவே தெரியும். எந்த செட்டிங்கும் அதைச் சரிசெய்யாது. விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் முடியுங்கள், தனிப் பறவையை விட்டுக் கூட்டமாக எடுங்கள்.

பூநாரை காற்றை எதிர்த்துத் தண்ணீரில் சில அடி ஓடித்தான் எழும்பும். ஜனவரியில் வடகிழக்குக் காற்று, காலை வெயிலும் கிழக்கில். இரண்டும் முதுகில் படும்படி நின்றால், எழும்புகிற பறவை உங்கள் பக்கம் முகம் காட்டும். அதற்காகக் கிளப்பிவிடாதீர்கள், ப்ளீஸ். எல்லாம் தலை தூக்கி ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள். ட்ரோன் கூடவே கூடாது.

அலையாத்தி:
நன்றி. வண்டிக்குள் ட்ரைபாட் சரிப்படுமா?

புல்வெளி:
இடம் பத்தாது. துணிப்பையில் ஒன்றரை கிலோ அரிசி போட்டு, முக்கால்வாசி மட்டும் நிரம்பும்படி தைத்து, ஜன்னல் விளிம்பில் வையுங்கள். முழுக்க நிரப்பினால் லென்ஸ் அதில் அமராமல் உருளும். இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். அதிர்வு ஒருபக்கம், பானட் சூடும் கானல் கிளப்பும்.

உப்புக்காற்று:
இன்னொன்று: திரும்பியதும் லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ப்ளோயரால் காற்று ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. லென்ஸ் மவுண்ட் விளிம்பையும் மறக்காமல் துடையுங்கள்.