மஃபாத்தில் பிள்ளைகளோடு ஓர் இரவு: புதுப்பிப்பு

நான்கு வயது மகளையும் ஆறு வயது மகனையும் ரெயூனியன் தீவின் மலைப்பகுதியான மஃபாத்துக்குள் நடத்திக் கூட்டிப்போய் இரவு தங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோல் தே பெஃப் கணவாயிலிருந்து லா நுவெல் என்ற ஊருக்கு இறங்கினோம். பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரம் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான மரப்படிகளில் மகளின் கையை விடவே இல்லை. வழியில் தமரேன் சமவெளிக்கு வந்ததும்தான் கொண்டாட்டம். பாசி படர்ந்த, வளைந்து சாய்ந்த மரங்களுக்கு நடுவே இருவரும் ஓடியே தீர்த்தார்கள். அங்கே அவசரப்படுத்தாதீர்கள், பிள்ளைகள் அந்த இடத்துக்காகத்தான் நடக்கிறார்கள்.

ஆனால் விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். மதியத்துக்குள் மேகம் மூடிவிடுகிறது.

கூடாரமா, ஜீத் எனப்படும் மலைநடையர்களுக்கான எளிய விடுதியா என்று கேட்டவர்களுக்கு: முதல் தடவை என்றால் விடுதிதான். முன்பதிவு அவசியம். சாலையே இல்லாத ஊர், சாமான்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன. அப்படியும் சுடச்சுடச் சோறும் கறியும் கிடைத்தன. ருகாய் என்ற காரமான துவையலைத் தனியாக வைப்பதால் பிள்ளைகளுக்குச் சிக்கலில்லை. வழிக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டோம். ராத்திரிக் குளிருக்குக் கம்பளித் தொப்பியும் காலுறையும் கட்டாயம்.

அப்புறம், திரும்பும்போது சுமார் 500 மீட்டர் ஏற்றம். மகளைத் தூக்கும் முதுகுப்பை இல்லாமல் நான் போகமாட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை மழையும் புயலும், அப்போது வேண்டாம். அவசர எண் 112.