கேமில் சவுண்ட் செட்டிங்ஸ் பதிய மாட்டேன் என்கிறது, உதவி தேவை

வணக்கம், திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். தம்பியின் கொம்பியூட்டரில், விண்டோஸ் 11, ஒரு கார் கேம். பாட்டுச் சத்தத்தை 20க்குக் குறைத்து சேவ் கொடுத்தால் அந்த நேரம் சரி. மூடித் திறந்தால் பழையபடி 100. இரவில் பக்கத்து அறையில் அம்மம்மா திடுக்கிட்டு எழும்பிவிடுகிறார், பாவம்.

டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டரில் கேமின் செட்டிங்ஸ் பதியும் ஐஎன்ஐ கோப்பைப் பார்த்தேன். கடைசியாகத் திருத்திய நேரம் மூன்று வாரத்துக்கு முந்தையது. அப்படியென்றால் கேம் அதில் எழுதவே இல்லை. கோப்பு ரீட் ஒன்லியாகவும் (மாற்ற முடியாதபடி) இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ் ஒன் ஆகி இருக்கிறது. தெரியாத செயலிகள் டொக்கியுமென்ட்ஸில் எழுதுவதை அது தடுக்கும், அதனால் அதில்தான் சந்தேகம். முழுதாக நிறுத்த மனமில்லை, தம்பியின் ஏ.எல். பாடக்குறிப்புகள் எல்லாம் அங்கேதான். கேமுக்கு மட்டும் அனுமதி கொடுக்க எந்த இஎக்ஸ்இ கோப்பைச் சேர்க்க வேண்டும், கேமைத் திறந்துவிடும் லோஞ்சருடையதா, கேமினுடையதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.